ஆலைக்கு ஆள் அனுப்பும் மண்

கழுகுமலையைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் பொழுது விடிவதற்கு முன்பே வந்து நிற்பது மில் வண்டி. சாப்பாட்டுத் தூக்குடன் ஏறும் பெண்களை ஏற்றிக்கொண்டு, கோவில்பட்டி, ராஜபாளையம், சாத்தூர்ப் பக்கங்களில் உள்ள நூற்பாலைகளை நோக்கி அது புறப்படுகிறது. சற்றுப் பின்னால் அதே சாலையில் கல்லூரிப் பேருந்து வருகிறது. அதில் ஏறும் பிள்ளைகள் கணினி அறிவியலும் மின்னணுவியலும் செயற்கை நுண்ணறிவும் படிக்கப் போகிறார்கள். அம்மா முதல் வண்டியிலும் மகள் இரண்டாவது வண்டியிலும் செல்லும் வீடுகள் இப்பகுதியில் உண்டு. ஆனால், அம்மா வேலை செய்யும் ஆலையை நடத்தும் அறிவைக் கற்றுத்தரும் படிப்பு ஒன்று இருக்கிறது என்பதே அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது.

அந்தப் படிப்பின் பெயர் ஜவுளித் தொழில்நுட்பம். நாட்டின் நூற்புத் திறனில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வைத்திருக்கும் தமிழ்நாட்டில், பொறியியல் கலந்தாய்வின் கடைசிச் சுற்றுகளில் தேடப்படும் பாடமாக அது மாறியிருக்கிறது. விருதுநகர் மாவட்டம், சாத்தூரை அடுத்த இ. குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்கா அமைக்கப்படும் வேளையில், இந்த முரண் கவலைக்குரியது. பூங்காவில் இயந்திரங்கள் வந்து இறங்கும்போது, அவற்றை இயக்கும் கைகளை மட்டும் கரிசல் மண் தருமா, அல்லது இயக்கத் தெரிந்த மூளைகளையும் தருமா என்பதே இப்போது கேட்க வேண்டிய கேள்வி.

பருத்திக்கு இந்த மண் புதிதல்ல

வானம் பார்த்த கரிசலில் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைக்கப்பட்ட பருத்தி, 19-ஆம் நூற்றாண்டிலேயே தூத்துக்குடித் துறைமுகம் வழியாக இங்கிலாந்து சென்றது. 'டின்னவெல்லி' என்ற வணிகப் பெயரில் உலகச் சந்தையில் அறியப்பட்ட பஞ்சு அது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு தட்டுப்பட்டபோது, இப்பகுதிப் பருத்தியின் விலை எகிறியது. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாச அருவியின் விசையைப் பயன்படுத்தி விக்கிரமசிங்கபுரத்திலும், பிறகு தூத்துக்குடியிலும் ஆலைகளை நிறுவினார்கள். தூத்துக்குடி கோரல் ஆலையின் தொழிலாளர்கள் 1908-இல் வ.உ. சிதம்பரனார், சுப்பிரமணிய சிவா ஆகியோரின் தலைமையில் நடத்திய வேலைநிறுத்தம், இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று.

கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது 1901-இல். உழவர்கள் கலந்து விதைத்துவந்த உப்பம், கருங்கண்ணி ஆகிய பருத்திகளிலிருந்து நல்லவற்றைத் தேர்ந்தெடுத்து, 'கே' வரிசை ரகங்களை அந்நிலையம் உருவாக்கியது. பின்னர் லாயல் மில், லட்சுமி மில் ஆகியவை கோவில்பட்டியின் அடையாளங்களாயின. மில்லில் நிரந்தர வேலை என்றால் பெண் கொடுக்கத் தயங்காத காலம் ஒன்று இருந்தது.

இந்த நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். பஞ்சு இங்கிருந்து போனது. உழைப்பும் இங்கிருந்து போனது. ஆலையை நடத்தும் அறிவு மட்டும் வெளியிலிருந்தே வந்தது. ஹார்வி காலத்தில் கடல் கடந்து வந்தது. பின்னர் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. இப்பகுதிப் பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் திருப்பூர், கோவை, திண்டுக்கல் பக்கம் அழைத்துச் செல்லப்பட்ட 'சுமங்கலித் திட்ட' ஆண்டுகளிலும் இதுவே நடந்தது. உடலுழைப்பு போனது, முடிவில் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட மொத்தத் தொகை பலருக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை, திரும்பி வந்தவர்களிடம் ஆலையைப் பற்றிய சான்றிதழ் எதுவும் இல்லை.

இன்று அந்தப் பஞ்சும் குறைந்துவிட்டது. கரிசலில் மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் பருத்தியின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தமிழக ஆலைகளின் தேவை ஆண்டுக்கு ஒரு கோடி பொதிகளுக்கு மேல். மாநிலத்தின் விளைச்சலோ சில லட்சம் பொதிகள். மகாராஷ்டிரம், குஜராத், தெலங்கானா பஞ்சும் வெளிநாட்டுப் பஞ்சும் வந்துதான் நம் கதிர்கள் சுழல்கின்றன. மண்ணில் விளையும் பஞ்சை வைத்துச் சொந்தம் கொண்டாடும் காலம் முடிந்துவிட்ட நிலையில், இத்தொழிலில் ஓர் ஊருக்கு எஞ்சியிருக்கும் உண்மையான மூலதனம் தொழில்நுட்ப அறிவுதான்.

என்ன கற்றுத்தருகிறார்கள்?

'ஜவுளிப் படிப்பு' என்றதும் தையல் வகுப்பை நினைப்பவர்கள் ஒருபுறம். ஆடை அலங்கார மேடையை நினைப்பவர்கள் மறுபுறம். இரண்டும் தவறு. இத்துறையில் மூன்று வேறுபட்ட படிப்புகள் உண்டு. இழையிலிருந்து துணி வரையிலான அறிவியலும் இயந்திரவியலும் வேதியியலும் அடங்கியது ஜவுளித் தொழில்நுட்பம். துணியை ஆடையாக்கும் தொழிற்கூடத்தைத் திட்டமிடுவதும் நடத்துவதும் ஆடை உற்பத்தித் தொழில்நுட்பம். ஆடையின் தோற்றத்தை உருவாக்குவது ஆடை வடிவமைப்பு. மூன்றுக்கும் வேலைச் சந்தை வேறு; தேவைப்படும் திறமை வேறு. பெயர் ஒலிக்கும் விதத்தை மட்டும் பார்த்துச் சேர்ந்துவிட்டு, 'நான் நினைத்தது இதுவல்ல' என்று இரண்டாம் ஆண்டில் வருந்தும் மாணவர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் உண்டு.

ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். பொதி பிரிக்கும் ப்ளோரூமில் தொடங்கி கார்டிங், டிராயிங், சிம்ப்ளெக்ஸ், ரிங் பிரேம், ஆட்டோகோனர் என்று நீளும் வரிசையில், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. இழையின் நீளம் எவ்வளவு, வலிமை எவ்வளவு, முதிர்ச்சி எவ்வளவு என்று அளந்து, எந்த ஊர்ப் பஞ்சை எந்தப் பஞ்சுடன் எந்த விகிதத்தில் கலப்பது என்று முடிவு செய்யவேண்டும். நாற்பதாம் நம்பர் நூல் என்றால், 840 கெஜம் நீளமுள்ள 40 சிட்டங்கள் சேர்ந்து ஒரு பவுண்டு எடை இருக்கவேண்டும் என்று பொருள். அந்த நம்பர் கூடினாலும் குறைந்தாலும் துணியில் தெரிந்துவிடும். காற்றில் ஈரப்பதம் குறைந்தால் இழை அறுகிறது. முறுக்கு கூடினால் நூல் விறைக்கிறது, உற்பத்தி குறைகிறது.

நூலின் அடக்க விலையில் பாதிக்கு மேல் பஞ்சின் விலை. எனவே நூறு கிலோ பஞ்சிலிருந்து எத்தனை கிலோ நூல் எடுக்கிறோம் என்பதில் ஒரு விழுக்காடு முன்னேற்றம்கூட ஓர் ஆலையின் லாப நட்டக் கணக்கைத் திருப்பிவிடும். அதற்கு அடுத்த பெரிய செலவு மின்சாரம். இந்த இரண்டையும் கட்டுக்குள் வைக்கத் தெரிந்தவர்தான் நல்ல ஜவுளிப் பொறியாளர். இதைப் புத்தகத்தில் மட்டும் கற்க முடியாது. இயந்திரத்தின் அருகில் நின்று கற்க வேண்டும்.

சாயமிடுதலில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். சாயக் கழிவுநீரால் நொய்யல் ஆறு பாழானதையடுத்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. தொழில் நகரமே முடங்கிப்போனது. கழிவுநீரைச் சுத்திகரித்து, நீரையும் உப்பையும் மீட்டெடுக்கும் முறை நடைமுறைக்கு வந்த பிறகே பட்டறைகள் மீண்டன. அந்த மீட்சிக்குப் பின்னால் இருந்தது வேதியியல் அறிவும் பொறியியல் அறிவும். ஆடைத் தொழிற்கூடத்திலும் அப்படித்தான். ஒரு சட்டையைப் பல சிறு செய்கைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நிமிடங்களைக் கணக்கிட்டு, தையல் வரிசையில் எந்த இடத்திலும் வேலை தேங்காமல் அமைப்பவர் தொழிற்பொறியாளர். வெளிநாட்டு வணிகர் ஒரு டாலரில் சில சென்டுகளைக் குறைக்கச் சொல்லும்போது, தொழிலாளியின் கூலியில் கை வைக்காமல் அதைச் சமாளிக்க முடியுமா என்பது அவருடைய கணக்கைப் பொறுத்தது.

பெற்றோரின் தயக்கம் நியாயமானதே

இத்தனை இருந்தும் பெற்றோர் ஏன் தயங்குகிறார்கள்? அவர்கள் அறியாமையால் தயங்குகிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது. உண்மையில் அவர்கள் கண்ணால் கண்டதை வைத்தே முடிவெடுக்கிறார்கள்.

முதலாவது, ஆலைகள் மூடப்பட்ட நினைவு. 1982-இல் தொடங்கிய பம்பாய் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் அதன் பின் அந்நகரின் ஆலைகள் அடங்கிப்போனதும் பழைய கதை. அண்மைக் கதை இன்னும் அருகில் இருக்கிறது. 2020 மார்ச் மாதப் பொது முடக்கத்தின்போது நின்ற தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் அதன் பிறகு பழையபடி இயங்கவில்லை. தமிழகத்தில் உள்ள அக்கழகத்தின் ஏழு ஆலைகளில் பரமக்குடி அருகே உள்ள கமுதக்குடி ஆலையும், சிவகங்கை மாவட்டத்தின் காளையார்கோவில் ஆலையும் அடங்கும். வறண்ட மாவட்டங்களில் அரசு ஆலையே மூடிக் கிடக்கும்போது, 'மில் படிப்பு' என்ற சொல் நம்பிக்கை தராது.

இரண்டாவது, ஊதியம். கணினித் துறையில் சேரும் வகுப்புத் தோழனின் முதல் மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டால், ஆலையில் ஷிப்டு மேற்பார்வையாளராகச் சேர்பவரின் சம்பளம் குறைவு. வேலை நேரம் அதிகம். இரவுப் பணி உண்டு. பஞ்சுத் தூசும் இரைச்சலும் உண்டு. ஐந்தாறு ஆண்டுகளில் நிலைமை மாறக்கூடும் என்பது உண்மை. அந்த ஐந்தாறு ஆண்டுகளைத் தாங்கும் வசதி கல்விக்கடன் வாங்கிய குடும்பத்துக்கு இல்லை என்பதும் உண்மை. ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும் ஆலை அதிபர்கள், தொடக்க ஊதியத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

மூன்றாவது, பெண்களின் பாதுகாப்பு. சுமங்கலித் திட்டத்தின் கசப்பு கரிசல் கிராமங்களில் இன்னும் ஆறவில்லை. மேற்பார்வையாளர் பதவிகளில் ஆண்களும் இயந்திரங்களின் முன் பெண்களும் என்று பிரிந்திருக்கும் தொழிலில் அத்துமீறல்கள் நடந்திருக்கின்றன. திண்டுக்கல் பகுதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த இளம்பெண் 2021-இல் கொல்லப்பட்ட பிறகு, தொழிலாளர் சங்கமும் உற்பத்தி நிறுவனமும் பன்னாட்டு வணிக நிறுவனங்களும் இணைந்து 2022-இல் கையெழுத்திட்ட 'திண்டுக்கல் ஒப்பந்தம்', ஆசியாவிலேயே முன்னோடியான முயற்சி. ஆனால், ஒரு நிறுவனத்தில் நடைமுறையான ஏற்பாடு துறை முழுவதற்கும் பாதுகாப்பாகிவிடாது. மகளை ஆலை மேற்பார்வையாளராக அனுப்பத் தயங்கும் தாய், அந்த ஆலைக்குள் இருபது ஆண்டு வேலை செய்தவராக இருக்கலாம். அவருடைய தயக்கத்துக்கு விளம்பரங்களால் விடை சொல்ல முடியாது.

நான்காவது, சந்தையின் நிலையாமை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது திருப்பூர் நடுங்கியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 40 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் அந்நகரின் சரக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. வரிகள் ஏறும், இறங்கும். அதே ஆண்டு ஜூலையில் கையெழுத்தான இந்தியா - பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் ஆடைகளுக்கான சுங்க வரியை நீக்க வகை செய்கிறது. ஆயினும், ஒரு வெளிநாட்டு அதிபரின் அறிவிப்பால் ஒரே வாரத்தில் வேலை போகும் தொழில் என்ற எண்ணம் பெற்றோர் மனத்தில் பதிந்துவிட்டது.

ஆனாலும் படிக்க வேண்டும், ஏன்?

இந்த நான்கு தயக்கங்களையும் ஏற்றுக்கொண்ட பிறகும், இப்படிப்பைத் தவிர்ப்பது கரிசல் பகுதிக்கு நட்டம் என்றே சொல்ல வேண்டும். மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, தொழில் உருமாறி வருகிறது. உலகில் உற்பத்தியாகும் இழைகளில் பாதிக்கு மேல் பாலியஸ்டர். பருத்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. நாமோ இன்னும் பருத்தியையே நம்பியிருக்கிறோம். உடுத்தாத துணிகளின் உலகம் ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது. அறுவைச் சிகிச்சைக் கட்டுத்துணி, சாலைக்கு அடியில் விரிக்கும் துணி, வாகன இருக்கை, தீயணைப்பு வீரரின் உடை என்று விரியும் தொழில்நுட்ப ஜவுளிக்காக, மத்திய அரசு 2020-இல் 1,480 கோடி ரூபாயில் தேசிய இயக்கம் ஒன்றை அறிவித்தது. மருத்துவ ஜவுளிக்கான சிறப்பு மையம் கோவையில் 1956-இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தில் இயங்குகிறது.

இதன் பயன் கழுகுமலைக்கு எட்டாத் தொலைவில் இல்லை. ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டி, பல தலைமுறைகளாக மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்யும் ஊர். நாட்டின் பல மருத்துவமனைகளில் புண்ணைச் சுற்றும் துணி அந்த விசைத்தறிகளில் பிறந்தது. ஆனால், வெறும் கட்டுத்துணியில் கிடைக்கும் லாபம் சொற்பம். அதே துணியைக் கிருமி நீக்கி, மருந்தேற்றி, நவீனக் காயக்கட்டாக மாற்றினால் மதிப்பு பலமடங்காகும். அதற்கு இழையும் உயிரியலும் தெரிந்த, தர நிர்ணய விதிகளைப் படிக்கத் தெரிந்த பட்டதாரிகள் தேவை. அந்த ஊர்த் தறிக்காரரின் மகன் கணினி நிரல் எழுதப் பெங்களூருக்குப் போய்விட்டால், அந்த மாற்றத்தை யார் செய்வார்கள்?

இரண்டு, போட்டி குறைவு. கணினிப் பாடங்களில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் வெளிவருகிறார்கள். ஜவுளித் தொழில்நுட்பத்தில் வெளிவருபவர் எண்ணிக்கை மிகக் குறைவு. வணிகர் தொடர்பு அலுவலர், ஆய்வுக்கூட வல்லுநர், உற்பத்தித் திட்ட மேலாளர், இயந்திர நிறுவனங்களின் சேவைப் பொறியாளர், தர ஆய்வாளர், சுற்றுச்சூழல் - தொழிலாளர் நலத் தணிக்கையாளர் என்று வேலைகள் ஆலைக்கு வெளியேயும் விரிந்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நிலைத்த உற்பத்தி விதிகளால், ஓர் ஆடையின் பஞ்சு எங்கே விளைந்தது, சாயம் எங்கே ஏறியது என்று ஆவணத்துடன் சொல்ல வேண்டிய கட்டாயம் நெருங்கி வருகிறது. கணினியும் ஜவுளியும் இரண்டும் தெரிந்தவருக்கே அந்த வேலை.

மூன்று, அயல் நாடுகளின் அனுபவம். வங்கதேசத்தில் பருத்தி விளைச்சல் மிகச் சொற்பம். ஆனால், 1921-இல் நெசவுப் பள்ளியாகத் தோன்றி, கல்லூரியாக வளர்ந்து, 2010-இல் ஜவுளிக்கென்றே தனிப் பல்கலைக்கழகமாகிய நிறுவனம் அங்கு உண்டு. உலக ஆடை ஏற்றுமதியில் முன்னணி நாடாக அது உயர்ந்ததில் மலிவான உழைப்புக்கு இருந்த பங்கை மறுக்க முடியாது. ராணா பிளாசாக் கட்டடம் 2013-இல் இடிந்து 1,100-க்கு மேற்பட்டோர் இறந்ததையும் மறக்க முடியாது. எனினும், ஆலையை நடத்தும் பொறியாளரை உள்நாட்டிலேயே உருவாக்கியது அதன் வலிமை. இலங்கையோ மலிவு விலைப் போட்டியிலிருந்து விலகி, நுட்பமான உள்ளாடைகளையும் விளையாட்டு ஆடைகளையும் தேர்ந்தெடுத்தது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஜவுளிப் பொறியாளர்கள் அதற்குத் துணைநின்றார்கள். போருக்குப் பின் கிளிநொச்சியில் எழுந்த ஆடைத் தொழிற்சாலைகள், வேலையற்ற தமிழ்ப் பெண்களுக்கு ஊதியம் தந்தன. அங்கும் இதே கேள்வி எழுகிறது: தையல் வரிசையில் அமர்ந்தவர்களின் பிள்ளைகள் மேலாளர் அறைக்கு எப்போது போவார்கள்?

பூங்கா மட்டும் போதாது

பிரதமர் மித்ரா திட்டத்தில் நாடு முழுவதும் அமையும் ஏழு பூங்காக்களில் ஒன்று நம் அருகில் வருகிறது. நூற்பு, நெசவு, சாயம், ஆடை அனைத்தும் ஒரே வளாகத்தில் அமையவேண்டும் என்பது அதன் நோக்கம். 2023 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட இத்திட்டத்தில் சாலை, நீர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகியவை பற்றி நிறையப் பேசப்படுகிறது. படிப்பு பற்றிப் பேசப்படுவது குறைவு. பேசப்படும்போதும், சில வாரத் தையல் பயிற்சியோடு நின்றுவிடுகிறது. மேலிருந்து கீழாகச் செதுக்கத் தொடங்கி அடித்தளம் முடிக்கப்படாமல் நின்றுபோன வேலைக்கு, வெட்டுவான் கோவிலைத் தினமும் பார்க்கும் கழுகுமலைக்காரர்களுக்கு உதாரணம் சொல்லவேண்டியதில்லை. எட்டாம் நூற்றாண்டுச் சிற்பிகளின் வேலை முற்றுப்பெறாமலும் அழகாயிருக்கிறது. முற்றுப்பெறாத கொள்கைக்கு அந்த அழகு வாய்க்காது.

ஜவுளித் தொழில்நுட்பப் பட்டப்படிப்புக்குப் பெயர்பெற்ற கல்லூரிகள் சென்னையிலும் கொங்கு மண்டலத்திலுமே குவிந்திருக்கின்றன. கழுகுமலை மாணவிக்குக் கோவை என்பது விடுதிச் செலவு, பயணச் செலவு, வீட்டாரின் அச்சம் ஆகிய மூன்றும் சேர்ந்த தூரம். பூங்காவை ஒட்டி ஓர் அரசுப் பலவகைத் தொழில்நுட்பக் கல்லூரியில் ஜவுளிப் பட்டயமும், அண்ணா பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி மண்டல வளாகத்தில் ஜவுளித் துறையும் தொடங்குவது பெரிய செலவல்ல. ஆறு மாதம் வகுப்பு, ஆறு மாதம் ஆலை என்று மாறி மாறிப் பயிலும் 'சாண்ட்விச்' முறைப் பட்டயம் தமிழகத்துக்குப் புதிதுமல்ல. ஆலையில் கழிக்கும் மாதங்களுக்கு உதவித்தொகை சட்டப்படி வழங்கப்பட வேண்டும். பயிற்சி என்ற பெயரில் மலிவான ஆள்சேர்ப்பு நடந்தால், அது பழைய சுமங்கலித் திட்டத்துக்குப் பட்டமளிப்பு அங்கி அணிவித்தது போலாகிவிடும்.

இரண்டாவதாக, ஏற்கெனவே ஆலைக்குள் இருப்பவர்களுக்கு வழி திறக்க வேண்டும். பத்தாண்டு ரிங் பிரேம் ஓட்டிய பெண்ணுக்கு, நூல் எப்போது அறும் என்பது எந்தக் கருவிக்கும் முன்பே தெரியும். அவருடைய அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றளித்து, பகுதிநேரப் பட்டயத்தில் சேர்த்து, மேற்பார்வையாளராக உயர்த்தும் பாதை இன்று ஏறத்தாழ இல்லை. மேற்பார்வைப் பொறுப்பில் பெண்கள் பெருகினால், மேலே சொன்ன மூன்றாவது தயக்கத்துக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

மூன்றாவதாக, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தின் வயலையும் ஆலைகளின் ஆய்வுக்கூடத்தையும் இணைக்க வேண்டும். கருங்கண்ணி வறட்சியைத் தாங்கும். ஆனால் இழை குட்டை. அதிவேக இயந்திரங்களுக்கு அது ஒத்துவருவதில்லை என்று ஒதுக்கப்பட்டது. இயற்கைவழி ஆடைகளைத் தேடும் சந்தை ஒன்று உருவாகியுள்ள நிலையில், குட்டை இழையை எந்த நம்பர் வரை, எந்தக் கலவையில் நூற்கலாம் என்பது ஒரு நல்ல இறுதியாண்டு ஆய்வுத் தலைப்பு. விதையையும் நூலையும் ஒரே மாணவர் பின்தொடரும் படிப்பு, கரிசலில் அல்லாமல் வேறெங்கே அமையும்?

நான்காவதாக, வெளிப்படைத்தன்மை. ஜவுளிப் படிப்பை நடத்தும் ஒவ்வொரு கல்லூரியும், கடந்த மூன்றாண்டுகளில் எத்தனை பேர் இதே துறையில் வேலைக்குச் சேர்ந்தார்கள், என்ன சம்பளத்தில் சேர்ந்தார்கள், இரண்டாண்டு கழித்து எத்தனை பேர் நீடிக்கிறார்கள் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே வெளியிட வேண்டும். 'நூறு விழுக்காடு வேலைவாய்ப்பு' என்ற பதாகையைப் பெற்றோர் நம்பிய காலம் போய்விட்டது. ஆலைகளும் தங்கள் பங்குக்குத் தொடக்க ஊதியத்தை உயர்த்தி, எட்டு மணி நேரப் பணியை உறுதிசெய்ய வேண்டும். பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கோரும் உள்ளகப் புகார்க் குழுவைக் காகிதத்தில் அல்லாமல் செயலில் வைத்திருக்க வேண்டும்.

மாணவர்கள் செய்ய வேண்டியது

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை உண்டு. மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டுப் பட்டயம் படித்து, நேரடியாகப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் உண்டு. குறைந்த செலவில் தொழிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்க விரும்புவோருக்கு இதுவே சிறந்த வழி.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்ப்பதைவிட நான்கு கேள்விகளைக் கேட்பது நல்லது. இங்கு நூற்பு, நெசவு, சாய இயந்திரங்கள் ஓடுகின்றனவா, துணிபோட்டு மூடப்பட்டுள்ளனவா? செயற்கை இழைகளும் தொழில்நுட்ப ஜவுளியும் பாடத்தில் எவ்வளவு இடம் பெறுகின்றன? ஆலைப் பயிற்சி எத்தனை வாரம், எந்த ஆலையில்? போன ஆண்டு படித்து முடித்தவர் இருவரோடு பேச முடியுமா? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லாத கல்லூரியில் சேர வேண்டியதில்லை. சேருவதற்கு முன் ஒருமுறை ஓர் ஆலைக்குள் போய், ஒரு ஷிப்டு நேரம் நின்று பார்த்துவிட்டு வருவது இன்னும் நல்லது. அந்த இரைச்சலும் வெக்கையும் பிடிக்காதவர்கள் ஆய்வுக்கூடத்தையோ ஆடை உற்பத்தியையோ தேர்ந்தெடுக்கலாம். பிடிக்கவே பிடிக்காதவர்கள் வேறு படிப்புக்குப் போகலாம். அதில் குற்றமில்லை.

எல்லோரும் ஜவுளி படிக்க வேண்டும் என்பதல்ல இங்கு வாதம். ஒரு பகுதியின் முதன்மைத் தொழிலை, அப்பகுதியின் பிள்ளைகள் கூலியாட்களாக மட்டுமே அறிந்திருப்பது முறையல்ல என்பதே வாதம். தீப்பெட்டித் தொழிலில் இதை ஒருமுறை பார்த்துவிட்டோம். இயந்திரம் வந்தபோது, கையால் பெட்டி ஒட்டிய குடும்பங்கள் அதன் உரிமையாளராகவும் ஆகவில்லை, பொறியாளராகவும் ஆகவில்லை. வேலையை மட்டும் இழந்தன. ஜவுளிப் பூங்காவில் வரவிருக்கும் இயந்திரங்கள் இன்னும் வேகமானவை. இன்னும் குறைவான கைகளைக் கேட்பவை.

மில் வண்டியில் போகும் தாய்க்கு ஆலையைப் பற்றித் தெரியாத ரகசியம் ஒன்றுமில்லை. அடுத்த ஜூன் மாதம் மகளின் கலந்தாய்வுப் பட்டியலை நிரப்பும்போது, பள்ளி ஆசிரியர் அந்தத் தாயையும் அருகில் அமர்த்தி, 'உங்கள் ஆலையில் ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் என்ன படித்தவர்?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.